யோகராஜ் நீக்காத வரி

யோகராஜ் இறந்த செய்தியை அவர் மனைவி செல்வி தொலைபேசியில் சொன்னபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். "மாஸ்டர், அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான்." நானும் அவரும் பேசி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

தேயிலைத் தோட்டப் பள்ளிகளின் பழைய கணினிகளில் ஓடும்படி, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஓர் இலவச எழுதியை மூல நிரலிலிருந்து, நாங்கள் எழுதிய கோப்புகளையும் சேர்த்து, தொகுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள் இருவர். ஆசிரியர்களான உங்களில் பலர் வினாத்தாள் அடித்தது அதில்தான். தோட்ட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யோகராஜுக்கு, எனக்கு அவர் யோகா, ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு நிரல் கோப்புக்கு எந்தத் தலைப்புக் கோப்பு, அதாவது அது பயன்படுத்தும் பெயர்களை அறிவிக்கும் துணைக் கோப்பு, தேவையோ, அதை அந்தக் கோப்பே தன் முதல் வரிகளில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்; தேவையில்லாததைச் சேர்க்கக் கூடாது. வேறொரு கோப்பு சேர்த்திருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. நான் இருந்துவிடுவேன். பிழையில்லாமல் ஓடியதே, பிறகென்ன?

வட்டவளையில் ஆசிரியர் பயிற்சியன்று யோகா என் கோப்பைத் திரையில் போட்டார். "மாஸ்டர் பக்கத்து வீட்டு அடுப்புல சோறு பொங்குறாரு. அவங்க வீடு மாறிட்டா பட்டினிதான்." எல்லோரும் சிரித்தார்கள். "கம்பஸ் போனவனுக்குத் தோட்டத்து கிளார்க்கு சொல்லித்தர வேணாம்" என்று பல்கலைக்கழகம் படித்த திமிரில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பிறகு மூன்று முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் செல்வி அவருடைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "டயகம ஸ்கூலுக்குப் புது கம்பியூட்டரு வந்திருக்காம். அதுல ஒங்க எழுதி ஓடலையாம். அவரு பாதி செஞ்சு வச்சிருக்காரு. ஒங்கள விட்டா யாருங்க இருக்கா?"

திறந்தேன். யோகாவின் தலைப்புக் கோப்பு ஒன்றில், அந்தக் கோப்புக்கே தேவையில்லாத ஒரு சேர்ப்பு வரி இருந்தது. அவர் விதியை அவரே மீறியிருக்கிறார். செத்தவரின் தவறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு அதை அழித்துவிட்டுத் தொகுத்தேன். பதினொரு கோப்புகள் பிழை காட்டின. பதினொன்றும் நான் எழுதியவை.

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் மாற்றக் குறிப்புகளைத் தேடினேன். நான் கோபித்துப் போன அடுத்த மாதம், என் கோப்புகளுக்குத் தேவையானதைத் தானே சேர்த்துத் தந்துகொண்டிருந்த வெளி நிரல் நூலகம் மாறி, அதை நிறுத்தியிருக்கிறது. அன்று அவர், என் கோப்புகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும் தன் தலைப்புக் கோப்பில் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். கூடவே ஒரு குறிப்பு: "மாஸ்டர் கோவமா இருக்காரு. வந்து அவரே சரி பண்ணுவாரு. அதுவரைக்கும் இது இருக்கட்டும்."

பதினொரு கோப்புகளையும் சரிசெய்துவிட்டேன். டயகமவில் இன்னும் ஓடவில்லை. அவர் விட்டுப்போன பாதி எனக்குப் புரியவில்லை; கேட்க ஆளும் இல்லை. செல்வி தினமும் அழைக்கிறார். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அழித்த வரியைத் திரும்ப எழுதிவைத்திருக்கிறேன். இனி அது எந்தக் கோப்புக்கும் தேவையில்லை. அவர் சொன்னபடி பார்த்தால் நீக்கிவிட வேண்டும். யோகாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அது இருக்கட்டும்.