மீன் தின்ற தொட்டி

லாஸ்பேட்டையில் தெய்வசிகாமணிக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை. பார்ப்பது அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஆனால் டாக்டருக்கு மருந்து சொல்வார், கொத்தனாருக்குக் கலவை சொல்வார், கல்யாண வீட்டில் சமையல்காரரின் கரண்டியைப் பிடுங்கி உப்புப் பார்ப்பார். இந்த மேதையோடு குடித்தனம் நடத்திய அஞ்சலாட்சிக்குக் கோயில் ஒன்றும் கட்ட வேண்டாம். நிம்மதியாகச் சோறு பொங்க விட்டிருந்தால் போதும். 2006-ல் அவர் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி வைத்தார். அதோடு அந்த நிம்மதியும் போயிற்று.

தொட்டி அமைத்துக் கொடுத்த அன்வருதீன் விஷயம் தெரிந்தவர், பொறுமைசாலி.

"சாணி, காய்கறிக் கழிவு, காஞ்ச எலை எல்லாம் கலந்து போடுங்க சார். மீன் கழிவு கொஞ்சமா இருக்கட்டும், அதுல நைட்ரஜன் ஜாஸ்தி. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபது, முப்பது பங்கு கார்பன் வேணும். கொறைஞ்சா உள்ள அம்மோனியா ஏறிடும். மீத்தேன் உண்டாக்கற கிருமியெல்லாம் படுத்துடும். அப்புறம் அடுப்பு எரியாது."

"எனக்கேவா பாய்?" என்று சிரித்தார் தெய்வசிகாமணி.

அழுகி நாறுவதால்தான் கேஸ் வருகிறது. ஆகவே எது அதிகம் நாறுகிறதோ அதுவே உத்தமம். இதுதான் ஐயாவின் விஞ்ஞானம். மறுநாளே குருசுக்குப்பத்துக்கு ஸ்கூட்டரை விட்டார். மீன் குடலும் தலையும் வாளி வாளியாக வந்து தொட்டியில் விழுந்தன. இருந்த சிலிண்டரையும் பெருந்தன்மையோடு தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

முதலில் போட்ட சாணியின் புண்ணியத்தில் கொஞ்ச நாள் எரிந்தது. பிறகு அடுப்பைத் திறந்தால் மூக்கை அரிக்கும் நெடி மட்டும் வந்தது. அஞ்சலாட்சி வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தாள். "மீன் பத்தல" என்று அவர் இன்னொரு வாளி கொண்டுவந்தார்.

புரட்டாசி பிறந்தது. பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீட்டில் தொட்டி மட்டும் மீன் தின்னலாமா? கூடாது என்று தீர்ப்பு சொன்னார். தொட்டியும் சைவமாயிற்று. பெரிய மார்க்கெட்டிலிருந்து காய்கறிக் கழிவும் வாழைச் சருகும் வந்தன. கூடவே வைக்கோலும் சாணியும் கரைத்து ஊற்றினார். மாதம் முடிவதற்குள் அடுப்பு நீலமாகச் சீறி எரிந்தது. மண்டையில் கொஞ்சம் மூளை இருப்பவன் வைக்கோலைத் திரும்பிப் பார்த்திருப்பான். இவர் பெருமாள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் விரத மகிமை!"

"பாய் அன்னைக்கே சொன்னாரே, கார்பன்னு..."

"நீ போய்க் கொழம்பப் பாருடி."

ஐப்பசி பிறந்ததும் மறுபடி மீன். விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் கொட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் மகள் சரிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். இவர் வாயால் ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைவிட்டுப் போயிருந்தன. இந்தப் பையன் வடிவேலைச் சரிதாவுக்கு மனசாரப் பிடித்திருந்தது. இதுவும் போய்விடக் கூடாது என்று அஞ்சலாட்சி பெருமாளை வேண்டிக்கொண்டாள். அடுப்பு செத்துக் கிடந்தது. ஸ்டவ்வும் அன்றைக்கென்று அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜஹபர் நிஷாவிடம் ஓடிக் காப்பி போட்டு வாங்கிவந்தாள்.

"குடிங்க, நம்ம சொந்த கேஸ்ல போட்ட காப்பி!" என்றார் தெய்வசிகாமணி, கூசாமல்.

பையனின் அம்மா அமிர்தவல்லிக்கு ஆசை வந்துவிட்டது. "அந்த அடுப்ப நானும் பாக்கறேனே."

அத்தனை பேரும் சமையலறைக்குப் போனார்கள். அவர் அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். குச்சிதான் எரிந்தது. நெடி கிளம்பவே, அமிர்தவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மழைக் காத்து, அதான்..." என்று இழுத்தார்.

"இல்லீங்க அத்த," என்றாள் சரிதா. "அடுப்பு எரிஞ்சு பத்து நாளாவுது. காப்பி பக்கத்து வீட்டு நிஷாக்கா போட்டது."

அஞ்சலாட்சி மகளின் கையைக் கிள்ளினாள். அமிர்தவல்லி தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லவேளை, பொண்ணு உங்கள மாதிரி இல்ல. எங்களுக்குச் சம்மதம்."

வந்தவர்கள் தெரு தாண்டவில்லை, தெய்வசிகாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். "பாத்தியா? நம்ம கேஸால அமைஞ்ச சம்மந்தம்!"

அஞ்சலாட்சி வாசலை மறித்து நின்றாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் இந்த வூட்டுல பொரட்டாசிதான். வாளியக் கீழ வைங்க."