அத்தைக்கு இடமில்லாத கல்யாணக் கார்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாணக் கார்டுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு கார்டையும் முதலிலிருந்து தட்டி மாளாமல் நானே ஒரு மாதிரிக் கார்டு செய்து வைத்தேன். வாசகம் எல்லாருக்கும் ஒன்றுதான். மாறுகிறவற்றுக்கு மட்டும் கட்டம்: பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கத்து அப்பா அம்மா, மண்டபம், முகூர்த்தம். கட்டங்களை நிரப்பி ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் இங்கிலீஷுமாகக் கார்டு வந்து நிற்கும். பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் பக்கத்தில் ‘ஒன்று’ என்று போடவேண்டும். பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ தானாக வந்துவிடும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. முதலாளி வேறு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்.

காப்பாரிலிருந்து ஒரு பெண் தன் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க வந்தாள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இரண்டு இடத்திலும் ஒன்று போட்டேன்.

“அண்ணே, எங்க அத்த பேரையும் போடணும். அப்பாவோட அக்கா. கல்யாணம்கூடப் பண்ணிக்காம அவங்கதான் என்னை வளத்தாங்க.”

அத்தைக்குக் கட்டம் இல்லை. சேர்க்கலாம்தான். ஆனால் ஒரு வரி கூடினால் இரண்டு பக்கமும் கீழே இறங்கும், ஓரத்துப் பூவேலையில் போய் இடிக்கும், எல்லாவற்றையும் மறுபடி அளந்து நகர்த்தவேண்டும். எனக்குச் சோம்பல். அதைவிட, செத்தவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு வளர்த்தவர்களை மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“கம்ப்யூட்டர் எடுக்காது லா, தங்கச்சி” என்றேன்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவள் திரையை ஒரு பார்வை பார்த்தாள். சரியென்று போய்விட்டாள்.

கார்டுகளை வாங்க அத்தையே வந்தார். கிள்ளானில் பஸ் மாறி, வியர்வையோடு வந்து நின்றார். நின்றபடியே ஒரு கார்டைப் பிரித்து, தம்பி பெயரையும் தம்பி மனைவி பெயரையும் விரலால் தொட்டு வாசித்தார். “அழகா இருக்குப்பா.” பிறகு கார்டைத் திருப்பி இங்கிலீஷ் பக்கத்தில் தேடினார்.

“இந்தப் பக்கமும் எடுக்கலியா?”

“இல்லக்கா. மெஷின் அப்படி.”

“அதுக்கு நம்ம வீட்டுக் கதையெல்லாம் எங்க தெரியும்? பரவால்ல.”

வழக்கப்படி முதல் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் போன பிறகு வேலையே ஓடவில்லை. மாதிரிக் கார்டைத் திறந்து ‘வளர்த்தவர்’ என்று ஒரு கட்டம் போட்டேன். நிரப்பினால் அந்த வரி வரும். காலியாக விட்டால் மற்ற வரிகள் நெருங்கிக்கொள்ளும். நாள் முழுக்க இழுக்கும் என்று நான் பயந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலாளியின் காலைக் கையைப் பிடித்து, மறுநாளே எல்லாக் கார்டுகளையும் அத்தை பெயரோடு திரும்ப அடித்தேன். கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காப்பாருக்குப் போனேன்.

அத்தையும் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை புதுக் கார்டில் தன் பெயரைப் பார்த்தார். அதையும் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு கார்டுக் கட்டை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“முதல் கார்ட நேத்தே கோயில்ல வெச்சிட்டேனே தம்பி. சாமி பாதத்துல வெச்சத மாத்தக் கூடாது.”

“சொந்தக்காரங்களுக்கு மட்டுமாவது இதக் குடுங்கக்கா.”

“ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு விதமா கார்டு குடுப்பாங்களா?” என்று சிரித்தார். “ஆமா, அன்னிக்கு எடுக்காத மெஷின் இன்னிக்கு எப்படி எடுத்துச்சு?”

“நான்… மாத்திட்டேன்க்கா.”

அவர் பக்கத்து வீட்டு அம்மாளிடம் திரும்பினார். “பாத்தியா, எம் பேருக்காக மெஷினையே மாத்திட்டு வந்திருக்கு இந்தப் பிள்ள.”

“யாரு செய்வா இந்தக் காலத்துல” என்றார் அந்த அம்மாள்.

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அத்தை உள்ளே போய், கையில் ஒரு கோப்பை மைலோவோடு வந்தார்.

“குடி தம்பி. ரொம்ப தூரம் வந்திருக்க.”

வாங்கிக் குடித்தேன்.