டவரில் இருந்த சந்தேகக்காரர்

செங்கலடிச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது நிசாம் நானா அழைத்தார். எங்கள் விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். "ஜெபரெத்தினம் அண்ணன் மோசம் போயிட்டார், தங்கச்சி." அவர் செத்துப்போனார் என்று கேட்டும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "ஆர் சொன்ன? கண்ணால கண்டீங்களா?" என்றுதான் கேட்டேன். அவரோடு பழகிய எவருக்கும் அந்தக் கேள்விதான் வந்திருக்கும்.

உங்களுக்குத் தெரியும், மனுஷன் லேசில் யாரையும் நம்பமாட்டார். விமானங்களுக்கு வழிசொல்லும் வாவிக்கரை டவரில்தான் அவருக்கு வேலை; அங்கிருந்து அவர் சொல்வதை விமானி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏறாவூர்த் தேத்தண்ணிக் கடையிலும் அதே கூத்துத்தான். "சீனி போடாம ஒரு பிளேன்ரீ. இப்ப நான் என்ன கேட்ட, சொல்லு பாப்பம்." கடைக்காரர் ஒருநாள், "அண்ணன், இது கடை, பள்ளிக்கூடமில்ல" என்று சத்தம் போட்டார். இவர் அசையவில்லை. "ஓம் எண்டு சும்மா தலையாட்டுறவனுக்குத்தான் எனக்குப் பயம்" என்றார்.

அது மாரிமழைக் காலம். பயணிகளோடு விமானத்தை ஓட்டிக்கொண்டு வாவிக்கு மேலாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் இறங்கிய பயிற்சி விமானம் ஓடுபாதையிலேயே நின்றுவிட்டது. "இறங்க வேண்டாம், மேலே போங்கள்" என்று டவரிலிருந்து அண்ணன் சொல்லியிருக்கிறார். அதே நொடியில் பயிற்சி விமானியும் பேசிவிட்டார். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் மற்றவருக்கு வெறும் இரைச்சல்தான். எனக்கும் அதுதான் கேட்டது. மழைக்குள் அந்த விமானத்தின் வால் தெரிந்த பிறகே மேலே எழுப்பினேன். மயிரிழையில் தப்பினோம்.

டவர் ஒலிப்பதிவில் அவர் குரல் தெளிவாக இருந்தது. என் காதில் விழுந்த இரைச்சலுக்கு நான் மட்டுமே சாட்சி. என் விமானி உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். 'சொல்வழி கேக்காத பொம்புள' என்று ஊரெல்லாம் கதை. அந்த நேரம் பார்த்து அவர் என் வீட்டுக்கு வந்தார். என் வாயைக் கிண்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "மெய்யாவே கேக்கல்லயா பிள்ள?" என்றார். கேட்கவில்லை என்றேன். திரும்பிப் போய்விட்டார்.

விசாரணையில் ஒலிப்பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார். "அவ திருப்பிச் சொல்லல்ல. நான் திருப்பிக் கேக்கவுமில்ல. பதில் வராட்டி, சொன்னது போய்ச் சேரல்ல எண்டுதான் எடுக்கணும். பிழை என்னில" என்றார். உரிமம் எனக்குத் திரும்பி வந்தது. அவரை டவரிலிருந்து இறக்கி ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். அதன்பின் அவர் விமானங்களோடு பேசவே இல்லை.

சும்மா ஒருவன் பழியை ஏற்பானா? ஆரையோ காப்பாற்றுகிறார் என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் விடவில்லை. நோயில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது, ஏன் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"உனக்காக எண்டு நினைக்காத. முறை அதுதான்" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இப்பவாவது சொல்லு. அண்டைக்கு மெய்யாவே கேக்கல்லயா?"

"சத்தியமா கேக்கல்ல, அண்ணன்."

"சரி, சரி. அந்தத் தலகணிய உயத்திவிடு."

நம்பினாரா? அந்த முகத்தில் அதற்கு அடையாளமே இல்லை. என் சொல்லை நம்பாமலே, முறை என்பதற்காகவே தன் வேலையை விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் மீட்டுத் தந்த உரிமத்தில்தான் இன்றும் பறக்கிறேன். நன்றியும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன. மெய்யாகவே எனக்குக் கேட்கவில்லை, அண்ணன். இனி இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?