லீனா வடிகட்ட மறுத்தாள்

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் லீனாவின் அலுவலகம். இரண்டு மேஜை, ஓயாத ஒரு போன். கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது அவள் தொழில். வேலை காலி என்று அறிவித்தால் விண்ணப்பங்கள் வந்து குவியும். உட்கார்ந்து படிக்கக் கம்பெனிக்காரர்களுக்குப் பொழுதிருக்காது. நல்ல ஆட்களோ வேறெங்கோ வேலையில் இருப்பார்கள், விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்து மனதை அறிய ஒரு வெளியாள் வேண்டும். அதற்குத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று லீனா நம்பியிருந்தாள்.

இன்னொரு காரணமும் உண்டு என்பது ராம்கி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ராம்கி ஒரு மென்பொருள் நிறுவனத்தின் எச்.ஆர். மேனேஜர். லீனாவுக்கு வந்த வேலையில் பாதி அவன் கொடுத்ததுதான். டெஸ்டிங் குழுவுக்குத் தலைமை தாங்க ஆள் கேட்டான். லீனா சில பெயர்களை அனுப்பினாள். முதல் பெயர் வைஷ்ணவி. சேலத்துப் பெண், வங்கி மென்பொருளில் கைதேர்ந்தவள். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, இப்போது திரும்பி வரத் துடித்துக்கொண்டிருந்தாள்.

ராம்கி உடனே போன் செய்தான்.

"மேடம், சின்னக் குழந்தை வெச்சிருக்கிறவங்க வேணாம். கல்யாணம் நிச்சயமானவங்களும் வேணாம். நீங்களே அங்க வடிகட்டிடுங்க."

"இத உங்க விளம்பரத்துலயே போட்டுடலாமே சார்?"

"நாங்க எப்படிப் போட முடியும்? அதுக்குத்தானே உங்கள மாதிரி வெளியாள வெச்சிருக்கோம்."

லீனாவுக்குக் காது மடல் சுட்டது. சொல்ல அவனுக்கே கூசுவதைத் தன் கையால் செய்யச் சொல்கிறான்.

"அப்ப இத அப்படியே ஒரு மெயிலா போடுங்க சார்."

"சும்மா எதுக்கு மேடம் பிடிவாதம்? ஊர்ல நீங்க ஒருத்தர்தானா கன்சல்டன்சி?"

"நிறைய பேர் இருக்காங்க. அவங்களக் கேளுங்க. என்னக் கேட்டா வைஷ்ணவி பேருதான் முதல்ல வரும்."

அதோடு அந்தக் கம்பெனியின் அழைப்பு நின்றுபோனது. கூட வேலை பார்த்த சிந்தியா பதறினாள். "ஒரு சாரி சொல்லிடுங்கக்கா. பாதி வேலையே போச்சு."

"போனா வேற தேடுவோம். தேடுறதுதானே நம்ம பொழப்பு?"

தேடத்தான் செய்தாள். வைஷ்ணவி பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம் 'நடுவில் வேலை பார்க்காத இடைவெளி இருக்கிறதே' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய கம்பெனி வைஷ்ணவியை வரச் சொன்னது. அதன் முதலாளி ஆராவமுதனும் அந்த இடைவெளி ஏன் என்றுதான் கேட்டார்.

"புள்ள பெத்தேன் சார்," என்றாள் வைஷ்ணவி. "வேலைய மறக்கல. குடுத்துப் பாருங்க."

கொடுத்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டார். அவள் சொல்லி இன்னும் பல பெண்கள் லீனாவின் மாடிப்படி ஏறினார்கள். அவர்களை வேலைக்குக் கேட்டுப் புதிய கம்பெனிகளும் வந்தன.

ஒருநாள் ராம்கியே கூப்பிட்டான். வேறு ஏஜென்சி பிடித்துக் கொடுத்தவர்கள் நிலைக்கவில்லையாம். யாராவது இருக்கிறார்களா என்றான்.

"இருக்காங்க சார். ஆனா நான் அனுப்புற எல்லாரையும் நேர்ல பாக்கணும். அம்மாவா, கல்யாணம் எப்போன்னு யாரும் கேக்கக் கூடாது."

"மேல கேட்டுச் சொல்றேன் மேடம்."

"கேட்டுட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள் லீனா. "சொல்லுங்கம்மா, கடைசியா எங்க வேலை பாத்தீங்க?"