தெருமுனை இருமல்

தி. நகர் ஜவுளிக்கடை வெள்ளைத்துரைக்கு வியாபாரம் ஓடினாலும் பீடி, படுத்தாலும் பீடி. 1973-இல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே பீடியைத் தொட்டா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். வெள்ளைத்துரையும் விட்டார். ஆனால் அன்றிலிருந்து டாக்டரைத் திட்டாத நாளில்லை. "விட்டு என்னத்தக் கண்டேன்? ஒரு மாத்தமும் தெரியலியே!"

சில மாதம் கழித்து ஒரு மாலை, சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தால் அடுப்பே மூட்டவில்லை.

"பசியோட வாரேன், தோசை எங்கட்டீ?" என்று கத்தினார்.

மனைவி தங்கபுஷ்பம் பதறி எழுந்தாள். "தெருமுனையில நீங்க இருமுத சத்தம் கேட்டுத்தான தெனமும் கல்லு வைப்பேன்? இன்னைக்குக் கேக்கவே இல்லியே!"

வெள்ளைத்துரை இருமிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி முயன்றார். சிரிப்புதான் வந்தது.

"சரி, கல்ல வை. நாளைலருந்து முனையில சைக்கிள் மணி அடிக்கேன்."