ரிலீவர் இல்லாத ஊர்

ஞாயிற்றுக்கிழமை எம்.பி.ஏ. வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். கொடுங்கோலாட்சி நடக்கும் ஓர் ஊரைக் கற்பனை செய்ய வேண்டும். அங்கே ஒரு புதுமையைப் புகுத்தினால் யார் முதலில் ஏற்பார்கள், யார் வேடிக்கை பார்ப்பார்கள், யார் கடைசிவரை முரண்டு பிடிப்பார்கள் என்று பாடத்தில் படித்தபடி எழுத வேண்டும்.

ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு சாலிடர் வைப்பவள் நான். கற்பனைக்கு எங்கே போவேன்? எங்கள் லைனில் ரிலீவர் வந்து உட்கார்ந்தால்தான் பாத்ரூமுக்கு எழுந்திருக்கலாம். முப்பது பேருக்கு ஒரே ரிலீவர். சானமாவு காட்டு ரோட்டில் யானை நின்று கம்பெனி பஸ் தாமதமானால்கூட மன்னிப்பார்கள், சொல்லாமல் எழுந்தால் மன்னிக்க மாட்டார்கள். அதையே ஊராக்கினேன். என் புதுமை, ஆளுக்கொரு விளக்கு. பட்டனைத் தட்டினால் சிவப்பு எரியும், மாற்றாள் ஓடி வருவார், காத்திருந்த நிமிடங்கள் பதிவாகும்.

அந்த மாதம் கைசன் ஷீட் கேட்டு சூப்பர்வைசர் உயிரை எடுத்தார். வேலையை மேம்படுத்த மாதம் ஒரு யோசனை எழுதியே ஆக வேண்டும். எனக்குச் சோம்பல். அந்தக் கட்டுரையிலேயே 'ஊர்' என்ற இடத்தில் 'லைன்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

விளக்கு வந்தது. இன்னொரு ரிலீவர் வரவில்லை. பதிவானது காத்திருந்த நேரமல்ல, எழுந்து போன நேரம். எனக்கு ஹாட்பாக்ஸ் பரிசு, நோட்டீஸ் போர்டில் போட்டோ.

பக்கத்து சீட்டில் சிங்காரப்பேட்டைப் பெண். அவளுக்கு நீர்க்கடுப்பு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதிகம் எழுந்து போனவர்களைக் காட்டும் திரையில் தினமும் அவள் நம்பர்தான் முதலில். அவளுடைய காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய மாதம் வேறு. விளக்கை எடுத்துவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"உன்னோட ஐடியாதானம்மா. போட்டோகூட போட்டிருக்கோமே," என்று சிரித்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலையை விட்டுவிடத் தோன்றியது. விடவில்லை.

சில வாரம் கழித்து வகுப்பில் கட்டுரை திரும்பி வந்தது. 'கற்பனை நன்று. ஆனால் முரண்டு பிடிப்பவர் ஒருவர்கூட இல்லை. நம்பும்படி இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார் ஆசிரியர்.

மறுநாள் கேண்டீனில், நடந்ததையெல்லாம் சிங்காரப்பேட்டைப் பெண்ணிடம் சொல்லிக் கட்டுரையையும் காட்டினேன். அவள் பொறுமையாகப் படித்தாள். காலையில் நிரப்பிய அவளுடைய பாட்டில் அப்படியே இருந்தது.

"ஏங்க்கா, நீங்க எழுதுன ஊர்ல யாரும் தண்ணியே குடிக்க மாட்டாங்களா?"

அப்போதுதான் என் பாட்டிலைப் பார்த்தேன். அதையும் நான் திறந்திருக்கவில்லை.