கனம் குறைந்தது

லிஜி சிஸ்டர் என் கடைக்கு முதலில் வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். கனம் குறைந்த லேப்டாப் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. கேரளத்தில், சங்ஙனாசேரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். தென்காசிக்காரன் என்பதால் ஊருக்கே நான் அண்ணாச்சி. பதினாறு வருஷம் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டித் தோள் தேய்ந்த நர்ஸ், எடையைத்தான் சொல்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வரும் சின்ன பிளாஸ்டிக் லேப்டாப்பைக் கொடுத்தேன். ஒரு கிலோதான். கொஞ்சம் தடிமன், ஆனால் கேமரா ஓடினாலும் பேட்டரி ஆறு மணி நேரம் நிற்கும். சாமர்த்தியமாக விற்றுவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு வேறு.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"நான் தடிமனைச் சொன்னேன் அண்ணாச்சி."

இந்த ஊர் மலையாளத்தில் எடைக்கும் தடிமனுக்கும் கனம் என்று ஒரே வார்த்தைதான். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு உறைக்கவில்லை.

அவள் வீடு குட்டநாட்டில், தண்ணீருக்கு நடுவே. போக வரப் படகு மட்டும்தான். அந்தப் படகை ஓட்டுகிறவன் அவள் புருஷன் பென்னிச்சன். அவள் ஏறியதும் பையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வான். என்ன அன்பு பார் என்பார்கள் படகில் இருப்பவர்கள். பையை அவன் விரலால் அமுக்கிப் பார்ப்பதை அவள் மட்டும்தான் கவனிப்பாள். வாங்கிய அன்று அதோடு படகு ஏறப் பயந்து, பிளாஸ்டிக் லேப்டாப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலை தரத் தயாராக இருந்தது. ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டும். இரண்டு தடவை தோற்றிருந்தாள். இரண்டாவது தடவை கொச்சிக்குப் போய் எழுதியது தெரிந்ததும் பென்னிச்சன் அவளுடைய பழைய லேப்டாப்பை ஆற்றில் வீசினான். அவள் மணிக்கட்டில் இருந்த காயத்துக்குக் காரணம் கதவு இடுக்கு என்றாள். நான் நம்பவில்லை. இந்த முறை வீட்டிலிருந்தே எழுதலாம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமரா வழியே ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார், படம் அணைந்தால் பரீட்சை ரத்து. இதுவும் தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தூக்கிப் பாத்தாலும் தெரியக் கூடாது, தொட்டுப் பாத்தாலும் தெரியக் கூடாது" என்றாள்.

அப்படி ஒன்று இருந்தது. மடித்த இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே வைத்தால் கோட்டோடு கோட்டாகிவிடும். ஆனால் மலிவு விலையில் மெலிசாகச் செய்கிறவன் எங்கேயாவது கை வைத்துத்தானே ஆக வேண்டும். பேட்டரியில் வைத்திருந்தான். பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருந்தான். கேமராவைப் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன், மூன்று மணி பத்து நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டது. பரீட்சை மூன்று மணி நேரம். பவர் பேங்கும் இதற்கு ஏறாது. சார்ஜர் செங்கல் மாதிரி, பையில் துருத்தும். பின்னால் மெமரி கூட்டவும் முடியாது என்பதையும் சொல்லிவைத்தேன்.

"பின்னாலன்னு ஒண்ணு இருந்தாத்தானே அண்ணாச்சி."

ஆஸ்பத்திரியில் ஆள் வராத அறை கிடையாது. கடையின் பின்னறையைத் தருகிறேன் என்றேன். ஓர் ஆணின் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தால் சாயங்காலத்துக்குள் படகுத்துறைக்குச் செய்தி போய்விடும் என்றாள். அவள் சொன்னதும் சரிதான். மெலிசானதையே எடுத்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தை நம்பி ஒரு பெண்ணை அனுப்பிவிட்டேனே என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைட் டியூட்டியில் ஆஸ்பத்திரியிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றி, காலைப் படகில் கொண்டுபோனாள். பென்னிச்சன் பையை வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். வீட்டில் அவளை இறக்கிவிட்டு அவன் படகைத் திருப்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரை வெளிச்சத்தைக் குறைத்ததும், கேமரா வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், உங்கள் முகம் தெரியவில்லை, கூட்டுங்கள் என்றார். கூட்டினாள். பேட்டரி கிடுகிடுவென்று இறங்கியது. கடைசிப் பகுதியில், பரீட்சை நடத்துபவர் ஆபரேஷனுக்குப் பயப்படும் நோயாளி மாதிரிப் பேசுவார், அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஏழு சதவீதம் இருக்கும்போது வெளியே படகுச் சத்தம் கேட்டது. அவன் படகா, வேறா? அந்த முகம் தெரியாத நோயாளியிடம், பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சத்தம் துறையில் நிற்காமல் கடந்து போனது. பரீட்சை நடத்துபவர் நன்றி சொல்லி முடித்ததும் திரை இருண்டது.

தேறிவிட்டாள். விசா காகிதமெல்லாம் வர ஐந்து மாதம் ஆயிற்று. கிளம்பிய அன்றும் அதே பைதான், அதே இரண்டு கோட்டுதான். பாஸ்போர்ட் அவள் உடம்போடு இருந்தது. சங்ஙனாசேரித் துறையில் படகு ஆடியபோது கை கொடுத்து இறக்கிவிட்டது பென்னிச்சன்தான்.

"ராத்திரிச் சோத்துக்கு வந்துடுவல்ல?"

"வந்துடுவேன்" என்றாளாம். பரீட்சையில்கூடக் குரல் அப்படி நடுங்கவில்லை என்று விமான நிலையத்திலிருந்து என்னிடம் சொன்னாள்.

நான் போனை வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். அன்றைய கடைசிப் படகை அவன் எடுக்கவே இல்லையாம். ஆட்கள் ஏறி உட்கார்ந்து சத்தம் போட்டும், இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு துறையிலேயே நின்றிருக்கிறான்.